ஈயக் குண்டு கோத்த திரை

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில், செல்வாம்பாள் அக்கா தைத்த ரவிக்கை பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர் யாரும் கிடையாது. முப்பது வருடமாகத் தைக்கிறாள். ஆளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தால் போதும், இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன்பே அளவைச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு ஜன்னல் திரை எட்டு மாதம் பாடாய்ப் படுத்தியது. அந்தத் திரையைப் போடச் சொன்னவள் நான். அதனால் இதையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் ஹேமலதா. அக்கா வீட்டுக்கு நேர் எதிர் வீடு. காலாப்பட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது பொய் என்று நானும் சொல்ல மாட்டேன்.

அக்கா பிறந்தது அரியாங்குப்பம். இருபது வயதில் ராஜாங்கம் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தவள். ஒரே மகள், ஓசூரில் குடித்தனம். வீட்டின் முன்னறைதான் அக்காவின் தையல் கடை. அவளுக்குத் தன் தொழிலில் ஒரு கர்வம் உண்டு. வேறு தையல்காரிகள் ஒரு மீட்டர் கேட்கிற இடத்தில் எண்பது சென்டிமீட்டரில் கை நீளமாகவே வைத்து முடித்துவிடுவாள். துண்டுகளை நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசியில் பித்தான் பட்டிக்குக்கூடத் துணி மிச்சம் பண்ணுவாள்.

"துணியில வேஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாது ஹேமா. திருப்பிப் போடத் தெரியாதவளுங்க சொல்றது அது" என்பாள்.

அண்ணன் தெருமுனையில் பால் பூத் வைத்திருந்தார். இருபத்தாறு வருடம். காலை நாலரைக்குத் திறப்பார். எந்த வீட்டுக்குப் பச்சைப் பாக்கெட், எந்த வீட்டுக்கு நீலம், யார் வீட்டில் வெள்ளிக்கிழமை ஒன்று கூடுதல் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் பூத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவைத் தட்டுவார். என் அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து முதல் நாள் காலை பால் வாங்கப் போனேன். எங்களுக்கு வழக்கமாகப் பச்சை ஒன்று, நீலம் இரண்டு. நான் வாய் திறப்பதற்குள் ஒரு நீலத்தைக் குறைத்துக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அந்த மனிதர் முன்னால் அழாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

போன வருடம் மாசியில் ஒருநாள் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். பூத்தை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். கட்டில் போட வீட்டில் வேறு இடமில்லாததால் முன்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். அந்தப் பக்கம் அக்காவின் மெஷின், இந்தப் பக்கம் ஜன்னல், நடுவில் அவர்.

எங்கள் தெரு வீடுகளின் ஜன்னல்கள் தாழ்வானவை. தெருவில் நடக்கிறவர் திரும்பினால் உள்ளே இருப்பவரின் முகம் தெரியும். மரக்கதவைச் சாத்தினால் அறை அடுப்பாகக் கொதிக்கும். திறந்தே கிடந்தது. ஒருநாள் காலை ஐந்து மணிக்கு நான் பாலுக்குப் போகும்போது அக்கா அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் துணி இல்லை. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். அன்று சாயங்காலமே அக்காவிடம் போய்விட்டேன்.

"அக்கா, தெருவுல போறவங்களுக்கு எல்லாம் தெரியுது. எப்பிடி இருந்த மனுஷன். ஒரு ஸ்க்ரீன் போட்டுடேன்."

அவள் முகம் செத்துவிட்டது. "இத்தினி நாளா தெரிஞ்சுதாடி?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவரைக் கேட்டுப் பார்ப்போம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பேச்சு வராதவரிடம் என்ன கேட்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமையே காந்தி வீதிச் சந்தையில் கனமான காப்பித்தூள் நிறப் பருத்தித் துணி ஒன்று வாங்கி வந்தாள். ஏற்றுமதியில் மிஞ்சிய பிட். ஒரே மூச்சில் உட்கார்ந்து இரண்டு திரை தைத்து, ஸ்ப்ரிங் கம்பியில் கோத்து, ஆணி அடித்து மாட்டிவிட்டாள். மாட்டியதும் வாசலுக்கு வந்து தெருவிலிருந்து பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். சொல்லவே சங்கடமாக இருந்தது. ஜன்னலுக்குச் சட்டை போட்டு இழுத்துப் பித்தான் மாட்டியதுபோல விறைத்துக்கொண்டு நின்றது. கம்பி நடுவில் தொய்ந்திருந்தது. இரண்டு திரையும் மேலே சேர்ந்து கீழே பிரிந்து கிடந்தன.

ரவிக்கைக்காரி ஜன்னலை உடம்பு என்று நினைத்துவிட்டாள். அளந்த அளவுக்கே வெட்டியிருந்தாள். திரைக்கு ஜன்னலைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு அகலம் வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும். ரவிக்கையில் அப்படித் தளர விட்டால் அவமானம். முப்பது வருடப் பழக்கம் கையை விடவில்லை. அதுகூடப் போகட்டும். துணி போதவில்லை என்று ஒரு திரையை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் வெட்டியிருந்தாள். முதல் சலவையிலேயே நெடுக்காக வெட்டியது இரண்டு விரல் சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. மற்றது இருந்த இடத்திலேயே தொங்கியது. வேட்டியை ஒரு பக்கம் தூக்கிக் கட்டியவன் மாதிரி இருந்தது ஜன்னல்.

"ஊருக்கே தைக்கிறேன். எம் புருஷனுக்கு ஒரு மறைப்பு தைக்கத் தெரியல பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆடியில் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே நிறத்தில் இன்னும் துணி தேடி வாங்கினாள். வெட்டுவதற்கு முன் இரண்டு முறை நனைத்துக் காயவைத்தாள். இரண்டையும் நெடுக்காகவே வெட்டினாள், மிஞ்சியதைத் திருப்பிப் போடவில்லை. சேலைக் கொசுவம் மாதிரி மேலே மடிப்பு வைத்தாள். ஸ்ப்ரிங்கைத் தூக்கிப்போட்டுவிட்டு எவர்சில்வர் பைப்பும் வளையமும் மாட்டினாள். ஓரத்தை உடனே அடிக்காமல், துணி தன் பாரத்துக்கு இறங்கட்டும் என்று மூன்று நாள் சும்மா தொங்கவிட்டு, பிறகுதான் மடித்து அடித்தாள். சாயங்காலம் வந்து பார்த்தேன். எந்தக் கடையிலும் அப்படி ஒரு திரை கிடைக்காது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பாலுக்குப் போனேன். நடுவில் விலகியிருந்தது.

ஒரு சாண் இருக்கும். வலப்பக்கத் திரை கோணலாக இழுபட்டு, அந்த இடைவெளியில் அண்ணனின் பாதி முகம் தெரிந்தது. திரையின் ஓரத்தில் நாலு விரல். பாவம், மறைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சட்டென்று முகத்தை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தேன். படுக்கையில் கிடப்பவரின் ஜன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டு போவது மரியாதை இல்லை என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். பால் வாங்கப் போன எல்லோருமே அப்படித்தான் போனார்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் மரியாதை காட்டினோம்.

ஆபீஸுக்குக் கிளம்பும்போது அக்காவிடம், "மறுபடியும் நடுவுல விலகுதுக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காதே!

அன்றிலிருந்து அது தினப்படி வேலையாகிவிட்டது. ராத்திரி சரியாக மூடிவிட்டுப் படுப்பாள், விடிந்தால் விலகியிருக்கும். அவள் எழுந்ததும் பின்கட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள், அந்த நேரத்தில்தான் நடக்கும். திரும்பி வந்து பார்த்தால் கோணல். மடிப்பில் பிசகு என்று பிரித்துத் தைத்தாள். வளையம் வழுக்குகிறது என்று வளையத்தை மாற்றினாள். பைப் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஆள் கூப்பிட்டுச் சுவரில் துளை போட்டுத் தூக்கி வைத்தாள். ஐப்பசி மழையில் ஈரக்காற்றுக்குத் துணி கனத்துத் தொய்கிறது என்று உள்ளே லைனிங் கொடுத்தாள். ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் வலப்பக்கத் திரையின் ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கும். "இந்தச் சனியன் மெஷின் எண்ணெய் கக்குது" என்று அதைத் திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுத் தேய்ப்பாள்.

திரையில் தோற்றுப்போன பயம் மெல்ல மெல்ல அவள் கைக்கு இறங்கியது. பார்த்த மாத்திரத்தில் அளவு சொன்னவள் மூன்று முறை டேப் வைத்து அளந்தாள். கத்தரியைத் துணிமேல் வைத்துக்கொண்டு வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக்குக் கொடுத்த ரவிக்கைகள் பாதி தைத்தபடி கிடந்தன, ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு வேறு இடம் போனார்கள்.

"கை போச்சு ஹேமா. அவருக்குப் போன மாதிரியே எனக்கும் போச்சு. இந்தக் கைய வச்சித்தான அவருக்கு மருந்து வாங்குறேன்? இதுவும் போனா நாங்க ரெண்டு பேரும் என்னா பண்றது?"

ஒருநாள் அவர் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் வாசலில் நின்றிருந்தேன். "உங்க மானம் போவக் கூடாதுன்னுதான் போட்டேன். நிக்க மாட்டேங்குதே, என்னான்னு எனக்குப் புரியலியே" என்றாள். அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். "பாரு, அவருக்கும் அதே கவல" என்று என்னிடம் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஈயக் குண்டு என் யோசனை. சோலை நகரிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயம்மா, கிழிந்த வலை ஒன்று வீட்டில் கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். வலை தண்ணீரில் நேராக இறங்கி நிற்பதற்கு அடியில் ஈயக் குண்டு கட்டியிருப்பார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. கேட்டு வாங்கிக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். திரையின் கீழ் ஓரத்தில் குழாய் மாதிரித் தைத்து, குண்டுகளை வரிசையாகக் கோத்து, இரண்டு திரையும் சேரும் இடத்தில் மட்டும் இரட்டிப்பாக வைத்து மூடினாள். போதாததற்கு, நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நாலு அழுத்துப் பித்தானும் வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு காலை பாலுக்குப் போகும்போது பார்த்தேன். திரை சுவர் மாதிரி நின்றது. ஒரு நூல் இடைவெளி இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாக்கெட்டோடு நேராக அவள் வீட்டுக்குள் போய், "ஜெயிச்சிட்டக்கா" என்றேன். அவள் சிரித்ததைப் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

கட்டிலில் அண்ணன் "ம்ம்... ம்ம்..." என்று முனகிக்கொண்டிருந்தார்.

அந்த முனகல் தினமும் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறு வரைக்கும் கேட்டது. எங்கேயோ வலி என்று அக்கா ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வயிற்றைப் பார்த்தார்கள், முதுகைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் முனகல் தானாக நின்றது. வலி விட்டுவிட்டது என்று பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர் கஞ்சிக்கு வாய் திறப்பதும் குறைந்தது. தலையை மெஷினுக்குப் பின்னால் இருக்கிற சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தினமும் எண்ணெய் போட்டு நீவும்போது அக்காவின் விரலை இறுக்கிப் பிடிக்கும் இடது கை, இப்போது பிடிக்காமல் கிடந்தது.

பொங்கல் வந்தது. போகிக்கு முதல் நாள் தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னல் துணிகளைக் கழற்றித் துவைத்துக்கொண்டிருந்தோம். அக்கா தன் திரைகளைத் துவைத்து எங்கள் வாசல் கொடியில் போட வந்தாள். உதறியபோது வலப்பக்கத் திரையின் ஓரம் என் முகத்துக்கு நேராக வந்தது. பழைய கறை. எத்தனை தேய்த்தும் போகாமல் மங்கலாக நின்றிருந்தது.

"மெஷின் ஆயிலு" என்றாள் அக்கா. "அதிசயத்தப் பாரேன், குண்டு கோத்ததுக்கு அப்பறம் புதுசா ஒண்ணுகூட படல."

மெஷின் எண்ணெய் எப்படி ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் படும்? துணியைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே கறை இல்லை அது. பக்கத்தில் பக்கத்தில் நாலு. மறுபக்கம் திருப்பினால் தடிப்பாக ஒன்று. என் இடது கையை அதன்மேல் வைத்தேன். விரல் விரலாகப் பொருந்தியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், அவர் கைக்குப் போடும் தைலத்தின் வாசனை இன்னும் லேசாக இருந்தது.

காலை ஐந்து மணி. தெருவே பாலுக்குப் போகும் நேரம். நாலு விரல், பாதி முகம். அவர் மூடப் பார்க்கவில்லை. திறந்திருக்கிறார். இருபத்தாறு வருடம் தன்னைத் தேடி வந்த ஜனம் எதிரே போகிறதே, ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று, இருந்த ஒரு கையால் தினமும் திரையை இழுத்திருக்கிறார். நான் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அது போதாதென்று, அவர் கையால் இழுக்க முடியாத பாரத்தைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் கை இருந்த இடத்தை அக்கா பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை எடுத்து, என் கையைத் தள்ளிவிட்டு, அந்த நாலு கறைமேல் வைத்தாள்.

"இத்தினி மாசமா நான் இதத் தேச்சுத் தேச்சுக் கழுவினேனேடி" என்றாள்.

அவளை வீட்டுக்குள் பிடித்துக்கொண்டு போக நான்தான் வேண்டியிருந்தது. கட்டில் பக்கத்தில் போய் நின்று, "ஸ்க்ரீன எடுத்துட்டேங்க. இனிமே போட மாட்டேன். பாருங்க, தெரு தெரியுது பாருங்க" என்றாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினாள். கையை எடுத்ததும் தலை பழையபடி சுவர்ப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை போகிக்குத் தெருவில் பழைய பாய், முறம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அக்கா அந்த இரண்டு திரைகளையும் கொண்டுவந்து போட்டாள். துணியில் வேஸ்ட் என்று ஒன்று கிடையாது என்று சொன்னவள், ஒரு தலையணை உறைக்குக்கூட எடுத்து வைக்கவில்லை. துணி இன்னும் ஈரமாக இருந்தது. எரியவில்லை, வெகு நேரம் புகைந்தது. ஈயத்தை முந்தின ராத்திரியே பிரித்து எடுத்து ஆயம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தாள்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. அந்த ஜன்னலில் இப்போது ஒன்றும் இல்லை. கொசுவுக்குக்கூட வலை அடிக்க விடமாட்டேன் என்கிறாள். ரவிக்கை தைப்பதை அவள் விடவில்லை, விட முடியாது. பழைய வேகம் மட்டும் இல்லை.

நான் தினமும் ஐந்து மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு நேராக அந்த ஜன்னலுக்கு வருகிறேன். விஷயத்தைச் சொன்ன பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர் நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் கம்பிக்குள் பாக்கெட்டை நீட்டிக் காட்டுவேன். "அண்ணே, ஹேமா வந்திருக்கேன். பச்ச ஒண்ணு, நீலம் ஒண்ணு. சரியா இருக்கா பாருங்க" என்பேன். கொஞ்ச நேரம் நிற்பேன். கட்டிலின் ஓரத்தில் அந்த இடது கை, அக்கா எடுத்து வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும்.

மெஷினுக்குப் பக்கத்திலிருந்து அக்கா தலையைத் தூக்காமலே சொல்வாள், "தூங்குறாருடி, அப்பறமா வா."

சரிக்கா என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போவேன். அவர் தூங்கவில்லை, கண் திறந்துதான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.